பத்து லட்சத்தில் ஒருவரைத் தேடிப் போகிறவர்கள்

2001 செப்டம்பர் மூன்றாவது வாரம். நியூ ஜெர்சியில் எங்கள் ஊர் நூலகத்தின் கீழ்த்தளத்தில் இரத்த தான முகாம். பக்கத்து நகரத்தில் கோபுரங்கள் விழுந்து பத்து நாள்கூட ஆகவில்லை. யாருக்கு என்ன செய்வது என்று தெரியாமல் ஊரே இரத்தம் கொடுக்க வரிசையில் நின்றது. நானும் நின்றேன். திருச்சியில் படித்த காலத்திலேயே நான்கைந்து முறை கொடுத்தவன் என்பதால் ஊசியைக் கண்டு பயமில்லை. இரண்டு மணி நேரம் கழித்து உள்ளே போனால் ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். மலேரியா, மஞ்சள் காமாலை, பச்சை குத்தியது எல்லாவற்றையும் தாண்டி வந்து ஒரு கேள்வியில் பேனா நின்றது. 1980-க்கும் 1996-க்கும் இடையில் பிரிட்டனில் மொத்தமாக ஆறு மாதமோ அதற்கு மேலோ தங்கியதுண்டா?

உண்டு. 1993 அக்டோபரிலிருந்து மூன்று வருடம், எடின்பரோவில். ‘ஆம்’ என்று குறித்தேன். அறுபது வயதிருக்கும் செவிலியர் ஒருவர் படிவத்தை வாங்கிப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“நான் சைவம். மாட்டிறைச்சி இல்லை, முட்டையைக்கூடத் தொடுவதில்லை” என்றேன்.

“அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லையே, கண்ணா” என்றார்.

அதோடு முடிந்தது. காகிதத்தின் ஓரத்தில் ஏதோ கிறுக்கினார், ஒரு துண்டுச் சீட்டைக் கையில் கொடுத்தார். விதி மாறும்வரை நான் இரத்தம் கொடுக்க முடியாது. வரும் வழியில் இருந்த பிஸ்கட் மேஜையைக்கூட நிமிர்ந்து பார்க்காமல் வெளியே வந்தேன். இரத்தம் கொடுக்காதவனுக்கு பிஸ்கட் எதற்கு? அன்றைக்குக் கோபம்தான் இருந்தது. நான் சாப்பிடாத ஒன்றுக்காக என்னைத் தள்ளி வைக்கிறார்களே என்ற கோபம். அந்தக் கோபத்தில் படிக்க ஆரம்பித்ததுதான். இருபது வருடத்துக்கும் மேலாக, பிரியான் என்ற புரதத்தால் வரும் இந்த மூளை நோய்களைப் பற்றிக் கையில் கிடைப்பதையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் மருத்துவன் இல்லை, பாலங்களுக்கு எஃகு கணக்குப் போடுகிறவன். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கேள்வி எங்கிருந்து வந்தது என்று அப்போதே எனக்குத் தெரியும். அது பிறந்த நாளில் நான் அங்கேதான் இருந்தேன். 1996 மார்ச் 20, புதன்கிழமை. எடின்பரோவில் காம்லி பேங்க் பகுதியில் ஐந்து மாணவர்கள் சேர்ந்து எடுத்திருந்த வீடு. பொதுச் சமையலறையில் நான் பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து அடுப்பில் கிளாஸ்கோக்காரன் கொத்திய மாட்டிறைச்சியை வதக்கிக்கொண்டிருந்தான். தொலைக்காட்சியில் சுகாதார அமைச்சர் ஸ்டீபன் டோரல் நாடாளுமன்றத்தில் பேசியதைக் காட்டினார்கள். இளம் வயதுக்காரர்கள் பத்துப் பேருக்கு மூளையைத் தாக்கும் ஒரு புதிய நோய் வந்திருக்கிறது, பைத்திய மாட்டு நோய்தான் அவர்களுக்கு வந்திருக்கிறது என்பதே இப்போதைக்குப் பொருத்தமான விளக்கம் என்றார் அவர். கிளாஸ்கோக்காரன் அடுப்பை அணைத்தான். சட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு மறுபடி பற்ற வைத்தான். “பத்து வருடமாகத் தின்றாயிற்று, இன்று ஒரு நாள் தின்னாமல் என்ன ஆகப் போகிறது?” என்றான்.

வீம்புக்குச் சொன்னான் என்றுதான் நினைத்தேன். படித்த பிறகுதான் தெரிந்தது, அவன் கணக்கு சரி. மாடுகளின் மூளையும் தண்டுவடமும் மனிதர் உணவில் சேரக்கூடாது என்று 1989-இலேயே தடை வந்துவிட்டது. அரைகுறையாக அமலான தடை என்றாலும் பெரிய ஆபத்து கடந்திருந்தது. செத்த மாட்டின் இறைச்சியையும் எலும்பையும் அரைத்து மாட்டுக்கே தீவனமாகப் போட்டதில் பரவிய நோய் அது. 1986-இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டு, பிரிட்டனில் மட்டும் 1,80,000-க்கும் மேற்பட்ட மாடுகளில் உறுதியானது. புல் தின்னும் பிராணிக்கு அதன் இனத்தையே ஊட்டியிருக்கிறார்கள். 1990-இல் விவசாய அமைச்சர் ஜான் கம்மர் கேமராக்களுக்கு முன்னால் தம்முடைய நான்கு வயது மகளுக்கு மாட்டிறைச்சி பர்கரை ஊட்ட முயன்ற காட்சியை அந்த வாரம் முழுவதும் திரும்பத் திரும்பப் போட்டார்கள்.

அன்று எனக்குத் தெரியாதது வேறொன்று. அந்தப் பத்துப் பேரைக் கண்டுபிடித்தவர்கள் என் அறையிலிருந்து பத்து நிமிட நடையில் உட்கார்ந்திருந்தார்கள். க்ரூ சாலையில் இருக்கும் வெஸ்டர்ன் ஜெனரல் மருத்துவமனை. அதன் வாசலில் எத்தனையோ முறை பஸ்ஸுக்கு நின்றிருக்கிறேன். அந்த வளாகத்துக்குள்தான் 1990 மே மாதம் தேசிய சி.ஜே.டி. கண்காணிப்புப் பிரிவு தொடங்கப்பட்டது. நரம்பியல் மருத்துவர் ராபர்ட் வில் தலைமையில், நுண்ணோக்கியில் மூளையைப் பார்க்கிறவர் ஜேம்ஸ் அயர்ன்சைட். சிறிய குழு.

சி.ஜே.டி. என்பது க்ராய்ட்ஸ்ஃபெல்ட், யாகோப் என்ற இரண்டு ஜெர்மானிய மருத்துவர்கள் 1920-லும் 1921-லும் விவரித்த நோய். ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ வரும். பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்களுக்கு. கணக்குப் போடத் தடுமாறுவார், நடை தள்ளாடும், கை கால் திடீர் திடீரென்று உதறும், பேச்சு நின்றுபோகும். பாதிப் பேர் ஐந்து மாதத்துக்குள் இறந்துவிடுவார்கள், வருடத்தைத் தாண்டுகிறவர்கள் பத்தில் ஒருவர். நூற்றுக்கு எண்பத்தைந்து பேருக்கு ஏன் வந்தது என்பதற்குக் காரணமே கிடையாது. மீதிப் பேரில் பெரும்பாலோருக்குக் குடும்பத்தில் வரும் மரபணுக் கோளாறு. வெளியிலிருந்து தொற்றியது என்பது நூற்றில் ஒன்றுகூட இல்லை.

பைத்திய மாட்டு நோய் மனிதருக்கு வருமா என்று ஆராய அரசு அமைத்த சவுத்வுட் குழு, வர வாய்ப்பு மிகக் குறைவு என்றுதான் 1989-இல் எழுதியது. ஆனாலும் வந்தால் எப்படித் தெரியும் என்று ஒரு கேள்வியையும் கேட்டு வைத்தது. அந்தக் குழுவின் வேலைகளில் நான் மதிப்பது இதைத்தான். புதிய நோய் ஒன்று பலகை மாட்டிக்கொண்டு வராது. ஏற்கெனவே இருக்கும் ஓர் அபூர்வ நோயைப் போல வேடமிட்டு வரும். ஆகவே பழைய நோய் எப்படி இருக்கும், யாருக்கு வரும், எத்தனை நாள் ஓடும் என்பதை அணு அணுவாகத் தெரிந்து வைத்திருந்தால்தான் புதியது தனியாகத் தெரியும்.

அதற்காக எடின்பரோப் பிரிவினர் செய்தது சலிப்பூட்டும் வேலை. சி.ஜே.டி.யோ என்று சந்தேகம் வந்தாலே தெரிவியுங்கள் என்று நாட்டிலுள்ள நரம்பியல் மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டார்கள். தகவல் வந்ததும் எடின்பரோவிலிருந்து ஒரு மருத்துவர் கிளம்பிப் போவார். கார்ன்வாலோ வேல்ஸோ, எந்த மூலையானாலும் போவார். நோயாளியைப் பார்த்த பிறகு குடும்பத்தாரோடு உட்காருவார். என்னென்ன வேலை செய்தார்? எந்தெந்த அறுவை சிகிச்சை? வீட்டில் என்ன பிராணி வளர்த்தீர்கள்? ஈரல் சாப்பிடுவாரா, மூளை சாப்பிடுவாரா, வாரத்துக்கு எத்தனை முறை? பத்து வருடத்துக்கு முன்னால்?

அந்தக் காட்சியை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. உள் அறையில் மகன் யாரையும் அடையாளம் தெரியாமல் படுத்திருக்கிறான். கூடத்தில் யாரோ ஒருவர் தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, 1984-இல் அவன் பள்ளியில் மதியம் என்ன சாப்பிட்டான் என்று தாயிடம் கேட்கிறார். போன வாரம் செவ்வாய்க்கிழமை சாப்பிட்டது எனக்கு ஞாபகமில்லை. அந்தத் தாய் யோசித்து யோசித்துச் சொல்லியிருப்பாள், பிறகு இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு விழித்துக் கிடந்திருப்பாள். அந்தப் பதில்கள் எவ்வளவு நம்பத்தக்கவை என்று அவர்களுக்கே சந்தேகம் இருந்ததால்தான் நோயில்லாதவர்களிடமும் அதே கேள்விகளைக் கேட்டு ஒப்பிட்டார்கள்.

நடுவில் ஒரு பொய் எச்சரிக்கையும் வந்தது. நோய் கண்ட மாடுகள் இருந்த பால்பண்ணைகளின் விவசாயிகள் நான்கு பேருக்கு சி.ஜே.டி. வந்துவிட்டது. பத்திரிகைகள் குதித்தன. மற்ற ஐரோப்பிய நாடுகளின் கணக்கைப் பார்த்தால், பைத்திய மாடே இல்லாத இடங்களிலும் விவசாயிகளிடம் இதே அளவுக்கு நோய் இருந்தது. நான்கு பேரும் வழக்கமான சி.ஜே.டி. நோயாளிகளே. கண்காணிப்பு என்றால் கூச்சல் போடுவது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். எப்போது போடக்கூடாது என்று தெரிவது அதைவிடக் கடினமான வேலை.

பிறகு 1995-இல் ஒரு பதினாறு வயதுப் பெண், ஒரு பதினெட்டு வயதுப் பையன். அறுபது வயதுக்காரர்களின் நோய் பள்ளிப் பிள்ளைகளுக்கு எப்படி வரும்? அடுத்த சில மாதங்களில் இன்னும் சிலர். யாருக்கும் நாற்பது ஆகவில்லை. மறதியில் தொடங்கவில்லை, மனச்சோர்வில் தொடங்கியது. காலில் எரிச்சலும் வலியும் என்றார்கள். பலரும் முதலில் போனது மனநல மருத்துவரிடம். நான்கைந்து மாதம் ஓடவேண்டிய நோய் ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. இறந்த பின் அயர்ன்சைட் மூளைச் சீவல்களை நுண்ணோக்கியில் வைத்தபோது, அதுவரை சி.ஜே.டி.யில் பார்த்திராத ஒன்று. நடுவில் அடர்ந்த ஒரு புரதத் திரள், அதைச் சுற்றி வட்டமாக இதழ்போல ஓட்டைகள். பூப்போல இருந்ததால் பூத்திட்டு என்றே பொருள்படப் பெயர் வைத்தார்கள். சாமந்திப் பூவை மேலிருந்து பார்த்த மாதிரி இருக்கும் அந்தப் படம். முதன்முதலாகப் பார்த்தபோது அழகாக இருக்கிறதே என்று தோன்றிவிட்டது, அதற்காக வெட்கப்பட்டேன்.

பத்தே பேர். அதை வைத்துக்கொண்டு மாட்டிறைச்சியால் ஆபத்தில்லை என்ற தன் வாக்கை ஓர் அரசாங்கத்தை விழுங்கவைக்க முடிந்தது என்றால், அதற்கு முந்தைய ஆறு வருட நோட்டுப் புத்தகங்கள்தான் காரணம். அவை இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகள் பத்து ஆஸ்பத்திரிகளில் பத்து விதமான பெயர்களோடு இறந்திருப்பார்கள்.

பிரியான் என்பது என்ன என்று இங்கே சொல்லிவிட வேண்டும். கிருமி இல்லை. வைரஸும் இல்லை. நம் எல்லோர் மூளையிலும் இருக்கும் ஒரு சாதாரணப் புரதம், தவறாக மடிந்த நிலை. அப்படி மடிந்த ஒன்று, பக்கத்தில் இருக்கும் நல்லதைத் தொட்டுத் தன்னைப் போலவே மடியச் செய்யும். அதற்கு 1982-இல் பெயர் சூட்டிய ஸ்டான்லி புருசினரை அப்போது பலர் கேலி செய்தார்கள். 1997-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். உயிரே இல்லாததைக் கொல்வது எப்படி? 1977-இல் சூரிச்சிலிருந்து வந்த ஒரு செய்தி என்னை உலுக்கியது. ஒரு சி.ஜே.டி. நோயாளியின் மூளைக்குள் வைத்து எடுத்த மின்முனைகளைச் சாராயத்திலும் ஃபார்மால்டிஹைடு ஆவியிலும் சுத்தம் செய்து, வலிப்பு நோயுள்ள இரண்டு இளம் நோயாளிகளுக்குப் பயன்படுத்தினார்கள். இரண்டு பேருக்கும் சி.ஜே.டி. வந்தது. இரண்டு வருடத்துக்கும் மேல் கழித்து அதே மின்முனையை ஒரு சிம்பன்சியின் மூளையில் வைத்தார்கள். அதற்கும் வந்தது. எஃகோடு புழங்குகிறவன் என்பதால் எனக்கு இது கூடுதலாக உறைத்தது. சுத்தமாகப் பளபளக்கும் உலோகத்தின் மேல் ஒட்டிக்கொண்டு, பசியும் மூச்சும் இல்லாமல் காத்திருக்கிறது.

உயிரோடிருக்கும் ஒருவருக்கு இந்த நோய்தான் என்று எப்படிச் சொல்கிறார்கள்? இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் மதுரையில் நரம்பியல் மருத்துவனாக இருக்கும் என் பள்ளித் தோழன். ஊருக்குப் போயிருந்தபோது, மூளையின் மின்னலைகளைப் பதிந்த, பெயர் மறைத்த ஒரு பழைய இ.இ.ஜி. தாளை மேஜையில் விரித்துக் காட்டினான். சாதாரணமாக அந்தக் கோடுகள் புல்வெளி மாதிரி ஒழுங்கில்லாமல் அசையும். இதிலே புல்வெளி அடங்கிப்போய், கிட்டத்தட்ட நொடிக்கு ஒன்றாகக் கூரான முட்கள். முள், அமைதி, முள், அமைதி. “விரலை வைத்துத் தட்டிப் பார்” என்றான். தட்டினேன். சுவர்க்கடிகாரத்தோடு ஒத்துப்போயிற்று. மூளையில் மிச்சமிருப்பது அந்தத் தாளம் மட்டும்தான் என்பதுபோல இருந்தது. ஆனால் மூன்றில் இரண்டு பேருக்குத்தான் அது தெரியும், அதுவும் நோய் முற்றிய பிறகு.

அடுத்து எம்.ஆர்.ஐ. நீர்மூலக்கூறுகளின் நகர்வைக் காட்டும் ஒரு வகைப் படத்தில், மூளையின் மேல்மடிப்புகளின் ஓரம் வெள்ளையாக ஒளிரும். கறுப்புப் பட்டுக்கு வெள்ளிச் சரிகைக் கரை போட்டது போல. மாட்டிலிருந்து வந்த வகையில் அந்த வெளிச்சம் நடுவில், தலாமஸின் பின்பகுதியில் இருக்கும். இந்த வேறுபாட்டைக் கண்டுபிடித்ததால் பல குடும்பங்கள் மூளையில் துளை போட்டுச் சதை எடுக்கும் சோதனையிலிருந்து தப்பின.

முதுகுத்தண்டு நீரில் 14-3-3 என்ற புரதத்தைத் தேடும் சோதனை 1996-இல் வந்தது. மூளைச் செல்கள் வேகமாகச் சாகும்போது கசியும் பொருள் அது. பக்கவாதத்திலும் கசியும், மூளை அழற்சியிலும் கசியும். வீடு எரிகிறது என்று சொல்லுமே தவிர, யார் கொளுத்தினார் என்று சொல்லாது.

கொளுத்தியவரையே பிடிக்கும் சோதனை 2011-ஐ ஒட்டித்தான் கைக்கு வந்தது. ஆர்டி-குவிக் என்று பெயர். நாகசாகியில் அடராஷியின் குழுவும் அமெரிக்காவின் மொன்டானாவில் காகியின் குழுவும் வளர்த்தெடுத்தது. இதை என் மனைவிக்கு விளக்கியபோது, “உறைகுத்திப் பார்க்கிறார்கள், அவ்வளவுதானே?” என்றாள். அவ்வளவேதான். பாக்டீரியாவில் வளர்த்த நல்ல பிரியான் புரதம்தான் பால். தொண்ணூற்றாறு சின்னக் குழிகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டில் அதை ஊற்றி, நோயாளியின் தண்டுவட நீரில் சில துளிகளைச் சேர்த்து, வெதுவெதுப்பில் வைத்துக் குலுக்குவார்கள், நிறுத்துவார்கள், மறுபடி குலுக்குவார்கள். அந்தத் துளியில் தவறாக மடிந்த புரதம் இம்மி இருந்தாலும் குழியிலுள்ளது முழுவதும் அதைப் பார்த்து மடிந்து திரளும். திரண்டால் மட்டும் ஒளிரும் சாயம் ஒன்று கூடவே கிடக்கும். மணிக்கணக்கில் தட்டையாக ஓடிக்கொண்டிருந்த கோடு சட்டென்று மேலே ஏறும். மோரில் உயிருள்ள பாக்டீரியா வேலை செய்கிறது, இங்கே உயிரே இல்லை என்பதுதான் வித்தியாசம். ஏறினால் நோய் என்பதில் கிட்டத்தட்டச் சந்தேகமே இல்லை. புதிய முறையில் பத்தில் ஒன்பது நோயாளிகளைப் பிடித்துவிடுகிறது. ஆனால் மாட்டிலிருந்து வந்த வகைக்கு இந்தத் தண்டுவட நீர்ச் சோதனை உதவவில்லை. அதற்கு டான்சிலில் கொஞ்சம் சதை எடுத்துப் பார்த்தார்கள்.

இவ்வளவும் செய்து பெயரைக் கண்டுபிடித்து என்ன பயன், மருந்துதான் இல்லையே என்று அந்த மதுரைத் தோழனைக் கேட்டேன். மலேரியாவுக்கு முன்பு கொடுத்துவந்த குவினாக்ரின் கொடுத்துப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. அந்தப் புரதத்தின் உற்பத்தியையே குறைக்கும் மருந்துகள் இப்போதுதான் மனிதர்களில் ஆரம்பச் சோதனைக்கு வந்திருக்கின்றன.

“டேய், இந்த நோய் இருக்கிறவனுக்காக மட்டுமா சோதனை? இல்லாதவனுக்காகவும்தான்” என்றான்.

அமெரிக்காவில் க்ளீவ்லாண்டில் 1997 முதல் இயங்கும் பிரியான் நோய்க்கூறு கண்காணிப்பு மையம் உண்டு. பிரியான் நோயோ என்ற சந்தேகத்தில் இறந்தவர்களின் மூளை நாடெங்கிலுமிருந்து அங்கே போகும். 1,106 மூளைகளை அவர்கள் திரும்பப் பார்த்து 2011-இல் எழுதினார்கள். 352 மூளைகளில் பிரியான் நோயே இல்லை. அவர்களில் 71 பேருக்கு இருந்தது, மருத்துவம் செய்திருக்கக்கூடிய நோய். உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும் அழற்சி, சில கட்டிகள், தொற்றுகள், வளர்சிதை மாற்றக் கோளாறுகள். எழுபத்தொரு குடும்பங்கள் தீராத நோய் என்ற சொல்லைக் கேட்டுக் கைகட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. அந்த எண்ணைப் படித்த இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஸ்டீராய்டு மருந்து சிலரை எழுப்பி உட்கார வைத்திருக்கும்.

நம் ஊர்க் கதையையும் கேட்டேன். பத்து லட்சத்துக்கு ஒன்று என்று வைத்தாலும் ஏழு கோடிக்கு மேல் பேர் உள்ள தமிழ்நாட்டில் ஆண்டுக்கு எழுபது பேருக்காவது வந்தாகவேண்டும். பதிவாவது அதன் பக்கத்தில்கூட வராது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நரம்பியல் மருத்துவமனையில் பல பத்தாண்டுகளாகப் பதிவேடு வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள், மூளை வங்கியும் இருக்கிறது. ஆனால் அங்கே போய்ச் சேருகிறவர் எத்தனை பேர்? அறுபத்தைந்து வயதுப் பெரியவர் திடீரென்று தடுமாறி, உளறி, நான்கு மாதத்தில் படுத்த படுக்கையாகிப் போய்விட்டால், சான்றிதழில் பக்கவாதம் என்றோ வயோதிகம் என்றோ எழுதிவிடுவார்கள். “மறுநாள் காலை பத்து மணிக்கு எடுக்கப்போகிற வீட்டில் போய், மூளையைப் பரிசோதனைக்குத் தருகிறீர்களா என்று நான் எப்படிக் கேட்பேன்? இரண்டு முறை கேட்டேன். ஒரு வீட்டில் அழுதார்கள், இன்னொரு வீட்டில் அடிக்க வந்தார்கள்” என்றான். அடிக்க வந்தவர்களை அவன் குறை சொல்லவில்லை.

பிரிட்டனில் என்ன ஆயிற்று? லட்சக்கணக்கில் சாவார்கள் என்றுகூட ஒரு கட்டத்தில் பேச்சு இருந்தது. 2000-ஆம் ஆண்டில்தான் உச்சம், 28 பேர் இறந்தார்கள். மொத்தம் 178 பேர். பிறகு இறங்கிவிட்டது. அப்பாடா என்று கடையைக் கட்டியிருக்கலாம். கட்டவில்லை. ஏன் என்பதற்கு மூன்று சங்கதிகள் இருக்கின்றன.

நோய் வந்தவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் பிரியான் மரபணுவின் 129-ஆவது இடம் ஒரே மாதிரி இருந்தது, தாய்வழி தந்தைவழி இரண்டு பிரதியிலும் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம். பிரிட்டனில் பத்தில் நான்கு பேர் அப்படி. மற்ற ஆறு பேருக்கு வராதா, தாமதமாக வருமா? 2016-இல், இரண்டு பிரதியும் வேறுவேறாக இருக்கும் கலப்பு வகை உள்ள ஒருவர் இந்த நோயில் இறந்தார். உயிரோடு இருந்தவரை அவருடைய அறிகுறிகளும் எம்.ஆர்.ஐ.யும் மாட்டு வகையைக் காட்டவேயில்லை. மூளையைத் திறந்து பார்த்தபோதுதான் அந்தச் சாமந்திப் பூ தெரிந்தது. பிரேதப் பரிசோதனைக்கு அந்தக் குடும்பம் ஒப்பாமல் இருந்திருந்தால் அவர் வழக்கமான சி.ஜே.டி. கணக்கில் போயிருப்பார்.

இரண்டாவது, அறுவை சிகிச்சையில் எடுத்து வைத்த குடல்வால்கள். 32,441 குடல்வால்களைச் சோதித்ததில் 16-இல் அந்தத் தவறான புரதம் இருந்தது என்று 2013-இல் சொன்னார்கள். அதாவது சுமார் 2,000 பேருக்கு ஒருவர். நோய் வராமலேயே சுமக்கிறவர்கள். எத்தனை வருடம் சுமக்கலாம் என்பதற்கு அளவுகோல் பப்புவா நியூ கினியின் மலைகளில் இருக்கிறது. இறந்தவரின் உடலைப் பாசத்தோடு உண்ணும் இறுதிச் சடங்கில் ஃபோரே மக்களிடம் பரவியது கூரு என்ற பிரியான் நோய். அந்த வழக்கம் 1950-களில் நின்றது. ஆராய்ச்சியாளர் மைக்கேல் ஆல்பர்ஸும் உள்ளூர்க்காரர்கள் சிலரும் ஊர் ஊராக நடந்து கணக்கெடுத்துக்கொண்டே இருந்தார்கள். 1996-க்கும் 2004-க்கும் இடையில் பதினொரு பேருக்கு நோய் கண்டது. சிறுவர்களாக இருந்தபோது உள்ளே போனது ஐம்பது வருடம் சும்மா இருந்துவிட்டு எழுந்திருக்கிறது.

மூன்றாவதுதான் என் கோபத்தைத் தணித்தது. எடின்பரோக் குழு 1997-இலிருந்து இரத்த வங்கிகளோடு சேர்ந்து ஒரு வேலை செய்தது. நோய் வந்தவர் எப்போதாவது இரத்த தானம் செய்திருக்கிறாரா, அந்தப் பை யாருக்குப் போயிற்று என்று சீட்டுச் சீட்டாகத் தேடுவது. 1996-இல் ஒருவர் இரத்தம் கொடுத்தார், நல்ல ஆரோக்கியத்தோடு. மூன்று வருடம் கழித்து அவருக்கு நோய் கண்டு 2000-இல் இறந்தார். அந்த இரத்தத்தைப் பெற்றவருக்கு ஆறரை வருடம் கழித்து அதே நோய். 2003 டிசம்பரில் இதை நாடாளுமன்றத்தில் அறிவித்தார்கள். அப்படி மொத்தம் மூன்று பேர் நோயுற்றார்கள். இதெல்லாம் தெரிவதற்கு முன்பே, நான் வரிசையில் நின்ற 2001-க்கும் முன்பே, வெறும் சந்தேகத்தின் பேரில் அந்தக் கேள்வியைப் படிவத்தில் போட்டிருக்கிறார்கள். சைவத்துக்குக் கட்டம் இல்லாததும் நியாயமே. பிரிட்டனில் சைவத்துக்கு மாறிப் பல வருடம் ஆன ஓர் இளம்பெண்ணுக்கும் நோய் வந்தது, மாறுவதற்கு முன்னால் தின்றது அவள் உள்ளே இருந்தது. நானும் அந்த மூன்று வருடத்தில் பாகற்காய் கிடைக்காத ஏக்கத்தில் கடைக்கண்ணியில் விற்ற ஜெல்லி மிட்டாய்களைப் பாக்கெட் பாக்கெட்டாகத் தின்றிருக்கிறேன். ஜெலட்டின் எதிலிருந்து வருகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

2022 மே மாதம் அமெரிக்க அரசு பிரிட்டன் வாசத் தடையை நீக்கியது. உடனே போய்ப் படுத்துவிட முடியாது என்று பிறகுதான் தெரிந்தது. 2001-இல் என் பெயருக்கு எதிரே போட்ட குறி கணினியில் அப்படியே இருந்தது, அதை எடுக்க விண்ணப்பம் போடவேண்டும். போட்டேன். இரண்டு வாரம் கழித்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். குரலைக் கேட்டால், நான் வரிசையில் நின்ற காலத்தில் பிறந்தே இருக்கமாட்டாள் போலிருந்தது. பிறந்த தேதி, முகவரி, பிரிட்டனில் இருந்த வருடங்கள், அங்கே இரத்தம் ஏற்றிக்கொண்டதுண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தட்டச்சு செய்தாள். நீக்கிவிட்டதாகச் சொன்னாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள்.

“உங்கள் பழைய தாளை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். ஓரத்தில் கையால் ஏதோ எழுதியிருக்கிறது. ‘சைவம், முட்டைகூட இல்லை என்கிறார்’ என்று. இதை நான் எந்தக் கட்டத்தில் போடவேண்டும்?”